அழைப்பிதழோடு இணைத்த மதிப்பெண் சான்றிதழ்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த மறுவாரம், இயற்பியலில் 97 மதிப்பெண் எடுத்திருந்த எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி தன் தந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் பாடத்துக்கு முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். கொத்தனார் வேலை பார்க்கும் அந்தத் தந்தை நாற்காலியில் உட்காரத் தயங்கி, நின்றபடியே பேசினார். “பிள்ளை திருச்சியிலதான் சேருவேன்னு நிக்கிது டீச்சர். படிக்கட்டும், நான் வேணாங்கல. மாசம் ஆயிரம் ரூவா வேற வருதுங்கிறாங்க. ஆனா திருச்சி எதுக்கு? பக்கத்துல ஏதாச்சும் காலேஜாப் பாருங்க. எப்படியும் ரெண்டு மூணு வருசத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கப் போறதுதானே.”

அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. மகளின் மதிப்பெண்ணை நான் சத்தமாக வாசித்தபோது அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். ஆனால் அவருடைய மகன், பத்தாம் வகுப்பை அப்போதுதான் முடித்தவன், நாமக்கல் பக்கத்தில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளி ஒன்றில் சேர்வதற்குப் பணம் கட்டியாகிவிட்டது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து நாமக்கல்லுக்குத் திருச்சியைத் தாண்டித்தான் போக வேண்டும். தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். அது மகனுக்குத் தூரமாகப் படவில்லை. மாணவி தலையைக் குனிந்துகொண்டு, மேசை மேலிருந்த மதிப்பெண் பட்டியலின் ஓரத்தை விரல் நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள்.

கல்வியில் பாலினச் சமத்துவம் என்று பேச்சு வந்தால் தமிழ்நாட்டில் நாம் முதலில் எடுத்து வைப்பது எண்களைத்தான், அவை பெருமைப்படத்தக்க எண்கள்தான். 2024ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவிகளில் 96.44 விழுக்காட்டினரும் மாணவர்களில் 92.37 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெற்றார்கள். மாணவிகள் முந்துவது ஆண்டுதோறும் நடப்பதுதான். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடாக இருக்கையில் தமிழ்நாட்டுக்கு 47 விழுக்காடு; அதிலும் பெண்களின் விகிதம் ஆண்களுடையதைவிட அரை விழுக்காடு கூடுதல். காமராசர் காலத்து மதிய உணவில் தொடங்கி சத்துணவு, விலையில்லா மிதிவண்டி, கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் என்று நீண்டுவந்த ஏற்பாடுகள் இல்லாமல் இந்த எண்கள் வந்திருக்காது. அவற்றைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் வகுப்பறைக்குள் வந்த பெண்களை எண்ணி முடித்ததோடு கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைப்பதைத்தான் பெண்ணியம் நெடுங்காலமாக மறுத்துவருகிறது. அந்தப் பெண் எதற்காகப் படிக்க வைக்கப்படுகிறாள், எதுவரை, எந்த ஊர்வரை, எந்தப் பாடம்வரை, அந்த எல்லையைப் போடுகிறவர் யார், படித்து முடித்தபின் அந்தப் படிப்பின் பலன் யார் கைக்குப் போகிறது என்று அது தொடர்ந்து கேட்கிறது. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் வீடுகளில் பெண்ணின் படிப்பு பெரும்பாலும் அவளுக்கென்று கொடுக்கப்படுவதில்லை. வேறு ஏதோ ஒன்றின் பொருட்டு, வேறு யாருக்கோ உரிய பொருளாக, அவளிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இது நேற்றுத் தொடங்கியதல்ல. எங்கள் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால்தான் அவர் உள்ளே போக முடிந்தது. பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்று, சட்டமன்றத்துக்கும் போனார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவர் திருமணத்துக்கே ஒப்புக்கொண்டார் என்பது பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் யாரும் சொல்லாத செய்தி. அதே 1886இல் பிறந்த சகோதரி சுப்பலட்சுமி, சிறுமியாகவே கைம்பெண்ணாகி, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தன்னைப் போன்ற இளம் கைம்பெண்களை ஓர் இல்லத்தில் சேர்த்துக்கொண்டு அவர்களை ஆசிரியைகளாக்கினார். அந்த இல்லம் தொடக்கத்தில் பிராமணப் பெண்களுக்கானதாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் கவனம் நிற்பது வேறோர் இடத்தில். அந்தப் பெண்களுக்குப் படிப்பு ஓரளவாவது அனுமதிக்கப்பட்டதற்குக் காரணம், குடும்பத்தின் பார்வையில் அவர்களுக்கு வேறு பயன் எதுவும் மிச்சம் இருக்கவில்லை என்பதுதான். கணவன் இருந்தவளுக்கு அதே குடும்பம் படிப்பைத் தந்திருக்காது.

தந்தபோதும் அதற்கென்று ஒரு நோக்கத்தை ஒட்டிவைத்தார்கள். படித்த தாய் நல்ல பிள்ளைகளை வளர்ப்பாள், படித்த மனைவி கணவனுக்கு ஏற்ற துணையாவாள் என்பதே சீர்திருத்தவாதிகள் பலரின் வாதமாக இருந்தது. அந்த வாதத்திலிருந்துதான் பெண்களுக்கென்று தையலும் சமையலும் மனையியலும் தனியே வந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வேறுவேறு பாடத்திட்டம் வேண்டுமா என்று ஆராய ஹன்சா மேத்தா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது; அக்குழு பொதுப் பாடத்திட்டமே வேண்டும் என்றது. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனத்தில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படக்கூடிய தொடரை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்த அதே ஹன்சா மேத்தாதான் இவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், பழைய மாணவிகள் பள்ளி அலுவலகத்துக்கு வருவதைக் கவனிக்கத் தொடங்கினேன். மதிப்பெண் சான்றிதழின் நகலில் தலைமை ஆசிரியரின் கையொப்பம் வாங்குவதற்காக வருவார்கள். எதற்கு என்று கேட்டால் கைப்பையிலிருந்து மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண நிதியுதவித் திட்டத்துக்கு அழைப்பிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் சேர்த்து இணைக்க வேண்டும். 1989இல் தொடங்கப்பட்ட அத்திட்டம் 2011இல் விரிவாக்கப்பட்டது: பத்தாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவளுக்கு 50,000 ரூபாய், இரண்டுக்கும் தாலிக்கு நான்கு கிராம் தங்கம். 2016இல் தங்கம் எட்டு கிராமானது.

இத்திட்டத்தை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனம் வராது. எட்டாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய எத்தனையோ பெண்கள் அந்தத் தொகைக்காகவே பத்தாம் வகுப்புவரை வந்தார்கள். அவர்களில் சிலருக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, “பாஸாயிருச்சுல்ல டீச்சர், இது போதும், கல்யாணத்துக்குப் பணம் கெடச்சிரும்” என்று சொல்லிச் சான்றிதழ் வாங்கிப்போன தாய்மார்களையும் நான்தான் பார்த்தேன். குறைந்தபட்சத் தகுதி என்று அரசு போட்ட கோடு, பல வீடுகளில் படிப்பின் கடைசி எல்லையாகிவிட்டது. அதைவிட ஆழமாக என்னை உறுத்தியது, ஒரு பெண்ணின் பட்டத்துக்கு அரசே விலை குறித்து, அந்த விலையை அவளுடைய திருமண நாளில் கொடுத்ததுதான். திருமணம் செய்துகொள்ளாத பட்டதாரிக்கு அந்த விண்ணப்பத்தில் இடமே கிடையாது.

2022ஆம் ஆண்டு அத்திட்டம் அதே அம்மையாரின் பெயரிலேயே உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது இன்று எல்லோரும் புதுமைப் பெண் என்று அழைக்கும் திட்டமாக மாற்றப்பட்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டபோது, தாலிக்குத் தங்கம் போய்விட்டதே என்று வருந்தியவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அவர்களின் வருத்தம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். எட்டு கிராம் தங்கம் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எத்தனை பெரிய பொருள் என்பது தெரிந்ததுதான். எனக்கோ அது நெடுநாள் காத்திருந்த மாற்றமாகப் பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் அவள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மாப்பிள்ளை யார் என்று அரசு கேட்பதில்லை. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயர், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தாலியிலிருந்து விடுபட்டு, அவள் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்ததாக நினைத்தேன்.

அந்த 1989ஆம் ஆண்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அறுபது ஆண்டுகள் கழித்து அது சட்டமானது. ஆனால் என் தந்தை இறந்தபின் சார்பதிவாளர் அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நான் கையொப்பமிட்டேன். “ஒன்னயத்தான் எம்மெஸ்ஸி வரைக்கும் படிக்க வெச்சோமே, அதுக்கு மேல என்ன வேணும்” என்று பெரியப்பா கேட்டதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை. தம்பியும் படித்தவன்தான், அவன் படிப்பை யாரும் சொத்தில் கழிக்கவில்லை. அவனுக்குக் கல்வி உரிமை, எனக்கு அது முன்பணம். அன்று ஒப்பமிட்ட கைக்காக நான் இன்றும் வருந்துகிறேன். என் வகுப்பு மாணவிகளிடம் விடுதலைப் பத்திரம் என்றால் என்ன என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது விளக்கிச் சொல்கிறேன். அது இயற்பியல் பாடத்திட்டத்தில் இல்லை.

எந்த நோக்கமும் ஒட்டப்படாத கல்வியை நான் கண்டதே இல்லையா என்று கேட்டால், கண்டிருக்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக இருந்தார். இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, கல்குவாரியில் உடைத்த கையோடும் களை எடுத்த கையோடும் பெண்கள் எழுத்து பழகினார்கள். அந்த இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது என்பதுதான் எங்கள் மாவட்டத்தின் தனிச்சிறப்பு. ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று அப்போது எழுதப்பட்டது.

என் அத்தை அவர்களில் ஒருவர். அப்பாவின் பழைய சைக்கிள், நடுவில் குறுக்குக் கம்பி உள்ளது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் திடலில் நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள, முதலில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார். வேலியில் விழுந்து முழங்கையில் கருவேல முள் ஏறியது. மூன்றாம் நாள் நான் பிடியை விட்டது தெரியாமலே திடலைச் சுற்றி வந்தார். தெரிந்ததும் நிறுத்தத் தெரியாமல் இன்னொரு சுற்றும் வந்தார். திண்ணையில் இருந்தவர்கள் சொன்னவற்றை இங்கே எழுத விருப்பமில்லை. அதன்பின் தண்ணீர் எடுக்க, குழந்தைக்கு மருந்து வாங்க, தன் அம்மா ஊருக்குப் போய்வர என்று எதற்கும் அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அத்தையின் கையெழுத்தால் குடும்பத்துக்கு என்ன வரும்படி, எந்த மாப்பிள்ளைக்கு அது தகுதி என்று யாரும் கேட்க முடியாது. ஏற்கெனவே கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் பெற்றவர். அவர் கற்றது முழுக்க அவருக்கானதாக இருந்தது. கற்றலும் தனியே ஓரிடத்துக்குப் போய்வருவதும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அந்தத் திடலில் பார்த்துவிட்டேன்.

திருச்சி ஏன் தூரமாகிறது என்ற கேள்விக்கு இதில்தான் விடை இருக்கிறது. அந்தத் தந்தை அஞ்சியது பேருந்துக் கட்டணத்துக்கோ விடுதிச் செலவுக்கோ அல்ல. மகள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் யாரோடு பேசுவாள், யாரை விரும்புவாள், அவன் என்ன சாதியாக இருப்பான் என்பதே அச்சம். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் புரியும். சாதி தன்னைக் காத்துக்கொள்வது பெண்ணின் திருமணத்தின் வழியாகத்தான் என்பதால், பெண்ணின் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அது கையில் வைத்துக்கொள்கிறது. ஆகவே சாதியைப் பேசாமல் பெண்கல்வியைப் பேசுவது எனக்குப் பாதிப் பேச்சாகவே படுகிறது. தலித் குடியிருப்பிலிருந்து வரும் என் மாணவிகளுக்கோ இது வேறு வடிவில் வருகிறது: வழியில் கேட்கும் ஏச்சு, சைக்கிளில் போனால் சில தெருக்களில் எழும் முணுமுணுப்பு, கல்லூரியில் உதவித்தொகை பெறுபவள் என்ற பார்வை. ‘பெண்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் இவர்களை எல்லாம் அடைத்துவிட்டால் எண்கள் அழகாக வரும், ஆட்கள் காணாமல் போவார்கள்.

செலவிலும் இந்தப் பாகுபாடு உண்டு. ஐஐடிகளில் மாணவிகளின் பங்கு ஒரு காலத்தில் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. 2018இல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டபின் சில ஆண்டுகளில் இருபது விழுக்காட்டை எட்டியது. மாணவிகளின் மூளை அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வளர்ந்துவிடவில்லை. நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கு இரண்டாண்டு பணம் கட்டுவது, தேறாவிட்டால் இன்னோர் ஆண்டு வீட்டிலிருந்து படிக்க விடுவது என்ற முதலீட்டைப் பல வீடுகள் மகனுக்கே செய்கின்றன. மகளுக்கு ஓராண்டு வீணாவது என்றால் வயது ஏறுவது.

நேரமும் அப்படியே. 2019இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. என் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, முந்தைய நாள் மாலை ஐந்து முதல் ஒன்பதுவரை என்ன செய்தீர்கள் என்று எல்லோரையும் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதியது: “பாத்திரம், தண்ணி, தம்பிக்கு ஹோம்வொர்க், இட்லிக்கு மாவு ஆட்டினேன், படிச்சேன் (20 நிமிஷம்).” பையன்களின் தாள்களில் கிரிக்கெட்டும் கைப்பேசியும் இருந்தன. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. தேர்ச்சியில் பின்தங்குகிறவர்களும், வயரிங் வேலைக்கோ திருப்பூருக்கோ பாதியில் போகிறவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். ‘நீதான் சம்பாதிக்க வேண்டும்’ என்பதும் ஒரு பாலினச் சுமைதான். 2024இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தேங்காய் துருவும் தந்தையின் படம் வந்தபோது அதை அச்செடுத்து வகுப்பில் ஒட்டினேன். ஒரு மாணவன், “எங்கப்பா செய்வாரு டீச்சர், ஆனா வெளிய சொல்லக்கூடாதும்பாரு” என்றான்.

நானும் திருச்சியில் விடுதியில் தங்கித்தான் படித்தேன். கல்லூரி நூலகம் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். எங்கள் விடுதிக் கதவை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒரு பூட்டு கிடையாது. மூன்று ஆண்டுகள், மாலை ஆறேகால் மணிக்குப் பாதி படித்த புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். மறுநாள் போனால் அது இருக்காது. அதைப் பாகுபாடு என்று சொல்ல எனக்கு அப்போது சொல் இல்லை. பாதுகாப்பு என்றார்கள், நம்பினேன்.

அந்தத் தந்தையோடு நான் இரண்டு முறை பேசினேன். அவர் மனைவி ஒரு முறை பேசினார், அதுதான் பலித்தது என்று நினைக்கிறேன். மாணவி திருச்சியில் இயற்பியல் சேர்ந்தாள். ஆயிரம் ரூபாய் முதல் மாதம் கணக்கில் வந்ததும் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். சென்ற மாதம் அழைத்து, நூலகம் எட்டு மணிவரை இருப்பதாகவும் விடுதியை ஆறரைக்குப் பூட்டுவதாகவும் சொன்னாள். நான் சற்று நேரம் பேச முடியாமல் இருந்தேன். மனு எழுதலாமா என்று கேட்டாள். எழுது, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு என்றேன்.

வரைவு வந்தது. ‘மாணவிகளின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டே நிர்வாகம் இந்த நேரத்தை வகுத்துள்ளது என்பதை அறிவோம்’ என்று பணிவாகத் தொடங்கியிருந்தாள். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மறுநாள் திருத்தி அனுப்பிய மனுவின் முதல் வரி: ‘நான் இங்கே இயற்பியல் படிப்பதற்காக வந்திருக்கிறேன்.’ அதன் கீழே முப்பத்தொரு மாணவிகள் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். விடுதிக் காப்பாளரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.